கம்பெனி சப்வூஃபர் போதுமா, மாற்றணுமா? வாசகர் கேள்வி பதில்

காருடன் வந்த சப்வூஃபரையும் (பேஸ் என்ற அடி ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) ஆம்ப்பையும் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குப் பவர் தரும் பெட்டி) மாற்றுவதா, இருப்பதோடு போவதா என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒருவருக்குச் சொன்ன பதில் அடுத்தவருக்கும் உதவும் என்பதால் முடிந்தால் வரிசையாகவே படியுங்கள்.

கேள்வி: சார், என் காரில் கம்பெனியே போட்ட 8 அங்குல சப்வூஃபரும் தனி ஆம்ப்பும் இருக்கின்றன. நிறுத்தி வைத்து மெதுவாகக் கேட்கும்போது பேஸ் நன்றாகவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறி வால்யூமைக் கூட்டினால் பாட்டின் சத்தம் கூடுகிறது, ஆனால் அடியில் இருக்கும் அந்த 'தும்' மட்டும் காணாமல் போகிறது. ஆம்ப் இருக்கட்டும், ஸ்பீக்கரை மட்டும் நல்லதாக மாற்று என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில்: ஸ்பீக்கரை மட்டும் மாற்றாதீர்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் நீங்கள் சொல்லும் குறைக்கும் ஸ்பீக்கரின் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சாலை இரைச்சல். டயர் உருளும் சத்தத்தில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது பேஸ் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் வண்டி வேகமெடுத்ததும் முதலில் அமுங்கிப்போவது பேஸ்தான், பாடுபவரின் குரல் தப்பித்துக்கொள்ளும். இன்னொன்று, கம்பெனிக்காரர்களே வைத்திருக்கும் ஏற்பாடு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது, இதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்டக் குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கி வைக்கிறார்கள், வால்யூம் ஏற ஏற அந்தத் தூக்கலைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பல கார்களில் அதோடு நிற்காமல் மேல் வால்யூமில் பேஸை வெட்டியே விடுகிறார்கள், ஏனென்றால் லேசான கூம்பும் சின்னக் காந்தமும் உள்ள அந்த ஸ்பீக்கர் கிழிந்து வாரண்டிக்கு வந்து நிற்கக் கூடாது. இந்த வெட்டு ஹெட் யூனிட்டிலோ (டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோ, திரை) ஆம்ப்பிலோ மென்பொருளாகவே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு உசத்தியான ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினாலும் அதற்கு வந்து சேர்வது அதே வெட்டுப்பட்ட சிக்னல்தான்.

இரண்டில் எது என்று நீங்களே பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை, அதாவது ஒரே சுரத்தில் நிற்கும் சோதனைச் சத்தத்தை, ஓடவிடுங்கள். வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் ஓரிரு விநாடி போதும், நீளமாக ஓடவிட்டு ஸ்பீக்கரைச் சுட வைக்காதீர்கள். அப்புறம் அதே மாதிரி 200 ஹெர்ட்ஸில் செய்யுங்கள். 200 ஏறிக்கொண்டே போகிறது, 50 மட்டும் ஒரு படிக்கு மேல் அப்படியே நிற்கிறது அல்லது இறங்குகிறது என்றால் வெட்டு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் உங்கள் எதிரி சாலை இரைச்சல். அதற்கு டயரின் காற்றழுத்தத்தையும், கதவு ரப்பர்களையும், வேகத்துக்கு ஏற்ப வால்யூமைக் கூட்டும் செட்டிங்கையும் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவதில் இன்னொரு சிக்கல் ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. காரின் மின்சாரம் சுமார் 14 வோல்ட். வோல்டேஜை உயர்த்தும் பகுதி உள்ளே இல்லாத சாதாரண ஆம்ப், 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு எவ்வளவு முக்கினாலும் சுமார் 26 வாட்டுக்கு மேல் சுத்தமாகத் தர முடியாது. 2 ஓம் ஆனால் அது இரட்டிப்பாகும். கம்பெனி சப்வூஃபர்கள் பலவும் 2 ஓம், சில அதற்கும் கீழே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்த இடத்தில் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் போகும் பவர் பாதியாகிவிடும். வெளியில் வாங்கும் சப்வூஃபர்களின் கூம்பும் கனமாக இருக்கும், அதை அசைக்கக் கூடுதல் பவர் வேண்டும். ஆக, புதுசு மாட்டிய பிறகு பழையதைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று பலர் திகைத்துப்போவது இதனால்தான். பழைய ஸ்பீக்கர் கிழிந்துபோய் கரகரவென்று அடிக்கிறது என்றால் மட்டும் அதே ஓம், அதே ஆழம் உள்ள ஒன்றை வாங்கி மாட்டலாம், அது ரிப்பேர், அப்கிரேடு இல்லை.

கம்பெனி செட்டில் ஸ்பீக்கர், ஆம்ப், சிக்னல் மூன்றும் ஒன்றை ஒன்று நம்பி அளந்து வைக்கப்பட்டவை. மாற்றுவதானால் மூன்றையும் சேர்த்தே யோசியுங்கள், முடியாவிட்டால் எதையும் தொடாதீர்கள். நிறுத்திய வண்டியில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பேஸ் திருப்தியாக இருந்தால் என் ஓட்டு தொடாமல் விடுவதற்கே. அதற்கு முன் ஒரு முறை செட்டிங்கைத் திறந்து பாருங்கள். பல கார்களில் ரேடியோவுக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று என்று பேஸ், டிரெபிள் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது, சப்வூஃபர் அளவு என்று தனியாக ஒரு வரியும் இருக்கக்கூடும். போனில் இருக்கும் ஈக்வலைசரும் வேறு உள்ளே புகுந்து குழப்பும், அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆம்ப்பை மட்டும் மாற்றினால் என்ன? 1,000 வாட் ஆம்ப் ஒன்று கைவசம் இருக்கிறது. கம்பெனி சப்வூஃபருக்கே கொடுத்தால் தாங்குமா?

பதில்: பெட்டியில் அச்சடித்திருக்கும் 1,000 வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஒரு நொடித்துளிக்கு எட்டும் உச்ச அளவு. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் எண், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர். 'சிடிஏ-2006' என்ற அளவீட்டுத் தரத்தின் பெயர் போட்டிருந்தால் 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவில் தொடர்ந்து தரும் பவரை அளந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த எண்ணை நம்பலாம். பவர் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும்.

தாங்குமா என்று கேட்டீர்கள், தாங்காது. 20, 30 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்க இறங்கக் கூம்பு முன்னும் பின்னும் போக வேண்டிய தூரம் வேகமாகக் கூடும், கம்பெனி ஸ்பீக்கருக்கு அந்த இடம் கிடையாது. முதலில் 'டப் டப்' என்று ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அடியில் மோதும் சத்தம் வரும், அப்புறம் அந்தச் சுருள் சூடேறி எரிந்த வாடை வரும். கைவசம் நல்ல ஆம்ப் இருக்கிறது என்பது அதற்கேற்ற சப்வூஃபரும் பாக்ஸும் வாங்க நல்ல காரணம், பழைய ஸ்பீக்கரைப் பலி கொடுக்கக் காரணம் இல்லை.

கேள்வி: ஹெட் யூனிட்டை மாற்ற வழியே இல்லை. ஏசி, ரிவர்ஸ் கேமரா எல்லாமே அந்தத் திரையில்தான் இருக்கின்றன. புது ஆம்ப்புக்கு சிக்னல் எங்கிருந்து எடுப்பது?

பதில்: இந்த வேலை முழுக்கவே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் சிக்னலை எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்பதே இல்லை.

சாதாரண வண்டி என்றால் பின்பக்க ஸ்பீக்கர் வயரிலிருந்தோ கம்பெனி சப்வூஃபருக்குப் போகும் வயரிலிருந்தோ எடுத்து, ஹை-லோ கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் வயரின் பலமான சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் கருவி) வழியாகப் புது ஆம்ப்புக்குக் கொடுக்கலாம். இப்போது வரும் பல ஆம்ப்புகளில் ஸ்பீக்கர் வயரையே நேராகச் செருகும் வசதி இருக்கிறது. ஆனால் முதல் பதிலில் சொன்ன வெட்டு இங்கேயும் கூடவே வரும். அந்த வெட்டை ஈடுகட்டி பேஸைத் திரும்பக் கொண்டுவரும் கன்வர்ட்டர்களும், பல சேனல்களாகப் பிரிந்து வரும் சிக்னலைச் சேர்த்துச் சமன் செய்யும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்) கருவிகளும் இருக்கின்றன. உங்கள் டோன் சோதனையில் வெட்டு தெரிந்திருந்தால் இந்தக் கருவிக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள், பணம் பற்றவில்லை என்றால் சப்வூஃபரில் ஒரு படி இறங்கி இதை வாங்குங்கள். என் அனுபவத்தில் சாதாரண சப்வூஃபரும் சுத்தமான சிக்னலும், உசத்தியான சப்வூஃபரையும் வெட்டுப்பட்ட சிக்னலையும் எப்போதும் தோற்கடிக்கும்.

சில கார்களில் கம்பெனி ஆம்ப் மறுமுனையில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று சோதிக்கும், இல்லையென்று தெரிந்தால் அந்த சேனலையே மூடிவிடும். அங்கே சரியான ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்றவற்றின் பல மாடல்களில் ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குப் போவது செம்பு வயரே இல்லை, மோஸ்ட் என்ற ஃபைபர் வளையம். அதில் நடுவில் இருக்கும் ஆம்ப்பைக் கழற்றினால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த மாதிரி, மற்றக் கருவிகளும் சேர்ந்து மௌனமாகிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி ஆம்ப்பை அப்படியே விட்டுவிட்டு அதன் வெளிவரும் வயரிலிருந்து எடுப்பதோ, அந்த மாடலுக்கென்றே செய்த இன்டர்ஃபேஸ் போடுவதோதான் வழி.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் காரில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறதா? இருந்தால் கூரைத் துணிக்குள் சின்ன மைக்குகள் ஒளிந்திருக்கும். இன்ஜினின் உறுமலைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கர்கள் வழியாகவே அனுப்பும். அது கம்பெனி சப்வூஃபரின் சத்த அளவை நம்பிக் கணக்குப் போட்டது. அந்த இடத்தில் பத்து மடங்கு பலமான சப்வூஃபரை வைத்தால் கணக்கு தலைகீழாகி, பாட்டே ஓடாதபோதும் வண்டிக்குள் ஒரு பெரிய 'ஊம்ம்' என்ற ரீங்காரம் எழும். அந்த மைக்கையோ அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ முறையாகத் துண்டித்தால் தீரும். வேலை செய்பவரிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள், அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். இண்டிகேட்டர் டிக் டிக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பார்க்கிங் பீப் எல்லாமும் பல கார்களில் இதே ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வருகின்றன, வேலை முடிந்ததும் அவை ஒழுங்காகக் கேட்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கேள்வி: டிக்கியில் இடம் போகக் கூடாது. சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர் போதுமா, இல்லை பெரிய பாக்ஸ்தான் வேண்டுமா?

பதில்: சின்ன பாக்ஸ், அடி ஆழம் வரை இறங்கும் பேஸ், குறைந்த பவரில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். இதை எந்தக் கம்பெனியாலும் மீற முடியாது, இது இயற்பியல்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் வகையில் பெரும்பாலும் 8 அங்குலக் கூம்பும் உள்ளேயே ஆம்ப்பும் இருக்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தியே சுமார் 41 ஹெர்ட்ஸ்தான், டிரம்மின் அடி அதற்கும் மேலேதான் இருக்கிறது. அதனால் பெரும்பாலான பாடல்களுக்கு இது போதும், கம்பெனி சப்வூஃபரே இல்லாத காருக்கு இதைவிட எளிய முன்னேற்றம் கிடையாது. ஏற்கெனவே நல்ல கம்பெனி சப்வூஃபர் இருக்கிறது என்றால் இதைப் போடுவதில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளி, அடியில் மிகக் குறைந்த உயரம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கையை வைக்க வேண்டாம்.

ஸ்டெப்னிக்குள் உட்காரும் வகையும், டிக்கியின் பக்கவாட்டுக் குழியில் உட்காரும் ஃபைபர் பாக்ஸும் நடுவழி. ஒரு 10 அங்குல சப்வூஃபருக்கு மாடலைப் பொறுத்து 15 முதல் 30 லிட்டர் அளவுள்ள மூடிய பாக்ஸ் போதும். மூடிய பாக்ஸையே நான் சொல்வேன், காரணம் கார் என்ற அறையே உதவிக்கு வரும். உள்நீளம் இரண்டரை மீட்டர் உள்ள காரில் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை முழுதாக விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கும், மூடிய பாக்ஸில் இறங்கும் பேஸை அது பெருமளவு தூக்கிக் கொடுத்துவிடும். ஓட்டை வைத்த பாக்ஸ் சத்தம் அதிகம் தரும், ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஒரே சுரத்தில் முழங்கும். எதுவானாலும் பாக்ஸின் அளவு அந்த ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும் எண்களைப் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி: 500 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் போட்டால் பேட்டரி இறங்கிவிடுமா? ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிளாஸ் டி என்ற, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை ஆம்ப், உள்வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். 500 வாட்டுக்கு 625 வாட் வாங்கும், 13.8 வோல்ட்டில் அது சுமார் 45 ஆம்பியர். இது முழு வீச்சில் இடைவிடாமல் டோன் ஓடினால். பாட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் சராசரி இதில் சிறு பங்குதான். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இந்த அளவுக்கு ஆல்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு நேரம் போவது தெரியாமல் கேட்டால் மட்டும் இறங்கும்.

கவலைப்பட வேண்டியது வயரைப் பற்றி. முன்னாலிருந்து டிக்கி வரை ஓடும் பவர் வயர் 4 கேஜ், அதாவது சுமார் 21 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும், சுத்தமான செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பார்க்க அதே தடிமன்தான், மின்சாரம் கடத்துவதில் பின்தங்கிவிடும். ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு இல்லை, வழியில் வயர் உரசித் தகட்டில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பதற்கு. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், முடிந்தவரை குட்டையாகப் போடுங்கள். எர்த் சரியில்லை என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ய்' என்ற சத்தமும் சேர்ந்து ஏறும்.

மின்சார காரும் ஹைபிரிடும் வைத்திருப்பவர்களுக்கு: அங்கேயும் ஆடியோ ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான், அதனால் போடலாம். ஆரஞ்சு நிற கேபிள் எங்கே தெரிந்தாலும் அதன் பக்கமே போகக் கூடாது, அது உயர் அழுத்த மின்சாரம்.

கேள்வி: வாரண்டி போய்விடுமா?

பதில்: வயரை வெட்டினால் வம்பு வரலாம். உங்கள் மாடலுக்கென்று வரும் செருகு ஹார்னஸ் (கனெக்டர் பொருத்திய வயர் தொகுப்பு) வாங்கினால் ஒரு வயரையும் வெட்டாமல் வேலை முடியும். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர், ஆம்ப், திருகுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், வண்டியை விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.

கேள்வி: சப்வூஃபர், ஆம்ப், பாக்ஸ் எல்லாம் போட்டாயிற்று. பேஸ் நிறைய வருகிறது, ஆனால் குழம்பிக் கிடக்கிறது, பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வேறு. டிரைவர் சீட்டில் இருப்பதைவிடப் பின் சீட்டில் நன்றாக இருக்கிறது. செலவு வீணா?

பதில்: வீணில்லை, பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். மாட்டியவர் டியூன் செய்யாமல் அனுப்பிவிட்டார்.

கெயினிலிருந்து தொடங்குங்கள். அது வால்யூம் குமிழ் இல்லை. ஹெட் யூனிட்டின் சிக்னல் ஆம்ப்புக்குப் பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டிய திருகு. ஆம்ப்பில் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள், கெயினை முழுக்க இறக்கிவிட்டு, ஹெட் யூனிட்டை நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்தில் வைத்து, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போட்டு மெதுவாக ஏற்றுங்கள். டிரம் அடி உருண்டையாக இருந்தது தட்டையாகி 'சப்'பென்று கேட்கும் இடம் ஒன்று வரும், அதிலிருந்து நன்றாகவே கீழே இறங்கி நிறுத்துங்கள். கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண் வரை சப்வூஃபர் பாட வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். அதற்கு மேலே போனால் சத்தம் டிக்கியிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும், அதற்குக் கீழே திசை தெரியாது.

டிரைவர் சீட்டில் குறைவாகக் கேட்பது, கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றை ஒன்று ரத்து செய்வதால் இருக்கலாம். சப்வூஃபரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள், அல்லது ஆம்ப்பில் இருக்கும், அலையின் திசையை மாற்றும் 'ஃபேஸ்' (phase) சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தள்ளுங்கள். உங்கள் இருக்கையில் உட்கார்ந்து கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடகட சத்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஒருவர் ஓடவிடட்டும், இன்னொருவர் நம்பர் பிளேட், டிக்கி மூடியின் உள் அட்டை, பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டு, ஸ்டாப் லைட் மூடி என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வரட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதன் பின்னால் நுரைப் பட்டை ஒட்டுங்கள், பெரிய தகடாக இருந்தால் பியூட்டைல் ஷீட் என்ற, அதிர்வை அடக்கும் ஒட்டு ரப்பர். பெரும்பாலும் முதல் குற்றவாளி நம்பர் பிளேட்தான்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். நல்ல சப்வூஃபர் போட்ட காரில் சிதைவு இல்லாததால் சத்தம் ஏறியதே தெரியாது. ஆம்ப்போடு வரும் பேஸ் குமிழைக் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள், பின் சீட்டில் குழந்தைகள் ஏறினால் முதலில் அதை இறக்கிவிடுங்கள், நீங்களே சொன்ன மாதிரி பேஸ் அங்கேதான் அதிகம்.